‘வயசாச்சு’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

(எங்கள் தோட்ட மாதர் கிளைக் கூட்டத்தில், ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்க முன்னமே ஒரு அக்கா கேட்டுவிட்டார்: “டீச்சருக்கு நாப்பதுகூட ஆகலை. இவங்களா எங்களுக்கு வயசைப் பத்திச் சொல்லித் தரப் போறாங்க?” நியாயமான கேள்வி. நாங்கள் அனுபவித்ததைச் சொல்ல வரவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்ல வந்திருக்கிறோம். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, அவரும் அதே மலையில்தான். அவருடைய கதையை முதலில் சொல்கிறோம்.

பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் கழிந்த பிறகு திரும்பவும் இரத்தம் பட்டது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, மேலே படங்கைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் மலைக்குப் போனார். நடுவில் ஒரு தரம் மருந்து எடுக்கப் போன இடத்தில் மெதுவாகக் கேட்டிருக்கிறார். “வயசாச்சுதானே, அப்படித்தான் இருக்கும்” என்று இரண்டு பனடோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரட்டுக்களத்தில் மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டோம். “பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. மருமகன் இருக்கிறான், தோளுக்கு வளர்ந்த பேரன் இருக்கிறான். எந்த மூலையில நின்னு சொல்றது?” என்றார். கர்ப்பப்பையில் புற்றுநோய். முற்றிவிட்டிருந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

அந்த ‘வயசாச்சு’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளை சொல்கிறார், வயசாச்சு. முழங்கால் வலித்தால் வீட்டுக்காரர் சொல்கிறார், வயசாச்சு. அவர்கள் சொல்வது கிடக்கட்டும், நாமே சொல்லிக்கொள்கிறோம். சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

எது வயதோடு வருவது, எது நோய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறது. அதற்கு முன் சில வருஷம் முன்பின்னாக வரும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறும், குளிர் மலையிலும் வியர்வை ஊற்றும். ராத்திரித் தூக்கம் கெடும். காரணமில்லாமல் எரிச்சல் வரும், அழுகை வரும். இது பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை. உடம்பில் சுரக்கிற சுரப்பு ஒன்று குறைவதால் வருவது. பலருக்குச் சில வருஷத்தில் தணிந்துவிடும். பருத்திச் சட்டை போடுங்கள், தடித்த ஒரே சுவெட்டருக்குப் பதிலாகக் கழற்றிப் போடக்கூடியதாக இரண்டு மெல்லியதைப் போடுங்கள். தாங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது வயதால் வருவது இல்லை. எல்லாருக்கும் அது புற்றுநோயாக இருக்காது. ஆனாலும் கட்டாயம் காட்ட வேண்டும். மார்பில் கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ஆறாத வாய்ப்புண் இவையும் அப்படித்தான். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக, சிவப்பாகத் திட்டு இருந்தால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. இருமினால், தும்மினால், கூடையைத் தூக்கினால் மூத்திரம் சொட்டுகிறது. சிலருக்கு அடி இறங்குவதுபோல பாரமாக இருக்கிறது. நாலைந்து பிள்ளை பெற்று, முப்பது வருஷம் தலைக்கயிற்றில் பாரம் இழுத்த உடம்பு அது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை. அடி இறங்கியிருந்தால் டொக்டர் பார்த்தாக வேண்டும். சொட்டுகிறது மட்டும் என்றால் ஒரு பயிற்சி இருக்கிறது. மூத்திரத்தை அடக்குவதுபோல அந்த இடத்தை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுவது. பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை. பிரட்டில் நிற்கும்போதே செய்யலாம், பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய பிழை. மலையில் கக்கூஸ் இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், தலைச்சுற்று. இதை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாது. மலைக்குப் பக்கத்தில் கதவும் தண்ணீரும் உள்ள கக்கூஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். ஐம்பது தாண்டியவர்களுக்குச் செங்குத்தான மலையைக் கொடுக்காதே, நிறுக்கிற இடத்தைக் கிட்டக் கொண்டுவா என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வரவில்லை, சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்று எங்களுக்கும் தெரியும். ஒரு விஷயம் மட்டும். ரொட்டியும் தேத்தண்ணியும் சேர்த்துத்தான் நமக்குப் பழக்கம். தேயிலையில் உள்ள சாயம், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், அது சத்தைச் சேர்க்கும். எலும்புக்கு நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. மழை நாளில் வழுக்கி விழுந்தால் இருபது வயதில் சிராய்ப்பு, அறுபதில் இடுப்பு எலும்பு முறிவு.

கண்ணையும் மறக்க வேண்டாம். நாற்பதுக்குப் பிறகு கிட்டத்து எழுத்து மங்கும். எங்கள் அம்மா இரண்டு வருஷம் சம்பளத் துண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசித்தார். கண்ணாடி போட்டால் “துரைசாணி வாறா” என்று சிரிப்பார்களாம். கடைசியில் போட்டார். போட்ட மாதமே துண்டில் இரண்டு பேர் குறைத்துப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, ஒபிஸ் வாசலில் நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தார். அதற்குப் பிறகு சிரித்தவர்களும் தங்கள் துண்டை அம்மாவிடம் கொண்டுவந்தார்கள்.

கிலோ எடுக்க முடியவில்லை, அவமானமாக இருக்கிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் பேரை வெட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து வருஷம் சேவை முடித்தவருக்கு, வேலையைத் தானாக விட்டாலும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் கேட்கலாம். எந்தக் கடிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க முன் எங்களிடம் காட்டுங்கள். அடையாள அட்டையில் பேர் ஒன்று, சேமலாபப் புத்தகத்தில் பேர் இன்னொன்று என்று இருந்தால் இப்போதே திருத்துவோம். அறுபதில் அதற்காக அலைய முழங்கால் விடாது.

அப்பாமாரே, அண்ணமாரே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டில் அவர் வாய் திறக்க ஒரு நேரம் கொடுங்கள். காம்பரா சிறியது, உண்மைதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் வெளியில் நில்லுங்கள். உங்களுக்கும் பிரஷர், சீனி பார்க்க வேண்டும், அதைத் தனியாகப் பேசுவோம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்துகிற சுகநாரி கிளினிக், 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே சோதிப்பார்கள். காசு இல்லை. உள்ளே சோதிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். போன மாதம் நாங்களும் செய்துகொண்டோம், அதனால்தான் சொல்கிறோம்.

தனியாகப் போகப் பயம் என்றால் கூட்டமாகப் போவோம். அடுத்த கிளினிக் நாளுக்கு வேன் பேசியிருக்கிறோம். காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்காம்பரா அக்காவிடம் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளியில் ரொட்டியும் சம்பலும் வைத்திருக்கிறது. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வரும், கோபிக்க வேண்டாம்.