தசைத் தேய்வும் தாய்வழி மரபும்



நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடும்போது அடிக்கடி விழுகின்றான், படியேறத் தடுமாறுகின்றான். தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கைகளை ஊன்றி, தன் உடம்பின்மீது தானே ஏறுபவன்போல் எழுகின்றான். கெண்டைக்கால்களோ பருத்து, வலிமை மிக்கவைபோலத் தோன்றுகின்றன. இவற்றைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோர் பலர். ஆனால், 'டூசென் தசைத் தேய்வு' என்னும் நோயின் முதற் குறிகளாக இவை இருத்தல் கூடும். 19ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியரின் பெயரே இதற்கு வழங்குகின்றது.

இதற்குக் காரணம் யாது? தசையிழையின் மெல்லிய உறையைத் தாங்கி நிற்பது டிஸ்ட்ரோபின் என்னும் புரதம். அஃது இல்லாதபோது, தசை சுருங்குந்தோறும் உறை சிதைகின்றது; நாளடைவில் தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு 1986ஆம் ஆண்டிலும், புரதம் 1987ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன.

அப்பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று பெரும்பாலும் காத்துவிடும். ஆணுக்கோ ஒன்றே, அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே, பழுதினைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் மகன் ஒவ்வொருவனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. தாய்மாமனிடம் கண்ட நோய் மருமகனிடம் தோன்றுவதும் இதனாலேயே. எனினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இப்பழுது புதிதாகவே உண்டாகின்றது. எவ்வகையாயினும், தாயைப் பழிப்பது அறியாமை. தன் நிறமூர்த்தத்தைத் தானே தெரிந்தெடுத்தவர் எவருமிலர்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் எஞ்சிய வலிமையைப் பேணலாம். ஸ்டீரொய்ட் மருந்துகள் தேய்வினை மந்தப்படுத்தும். அவற்றை வைத்தியரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ளல் வேண்டும், திடீரென நிறுத்தலாகாது. பாரந் தூக்கும் கடும்பயிற்சி தீங்கு விளைக்கும். களைப்பூட்டாத நீச்சல் நன்று. மூட்டுகள் இறுகாதிருக்க நாள்தோறும் தசைகளை மெல்ல நீட்டிவிடுதலும், இரவிற் கணுக்காலுக்குத் தாங்கி அணிவித்தலும் உதவும். இருதயத்தையும் சுவாசத்தையும் காலந்தோறும் பரிசோதித்தல் இன்றியமையாதது. இத்தகைய பராமரிப்பினால், முன்னர் இருபது வயதளவில் மடிந்தோர் இன்று முப்பதையும் கடந்து வாழ்கின்றனர்.

எனவே, சிறுவனின் தடுமாற்றத்தைக் கண்டால் கடியாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் உறுதியானால், அவனுடைய தாயும் சகோதரிகளும் சிற்றன்னையரும் தம் நிலையை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. மறைப்பதால் மரபு மாறிவிடாது. அறிவதாற் காப்பு உண்டு.