இணைப்பும் இசைவும்



சிறியதொரு நாடு வலிய அயல்நாட்டுடன் இணையவேண்டும் என்ற நெருக்குதல் எழும்போது, முடிவுசெய்யும் உரிமை யாருக்குரியது? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

தைவான் தீவு தன்னுடன் இணைந்தே தீரவேண்டும் என்று சீன அரசு கூறிவருகிறது. 1996 மார்ச்சில் தைவான் மக்கள் முதன்முறையாகத் தங்கள் சனாதிபதியை நேரடியாகத் தெரிவுசெய்ய இருந்த வேளையில், அத்தீவை அடுத்த கடலில் சீனம் ஏவுகணைகளை வீசிற்று. ஆயினும் மக்கள் வாக்களிக்கச் சென்றார்கள்.

இது தூரத்துக் கதையென்று எண்ணவேண்டாம். நம் கிழக்கு மாகாணம் தனிநாடன்று. எனினும் இதே கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. 1987 யூலை 29 ஆந் திகதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் நம் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பிலே ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகும். அவ்வாறே நீடிப்பதா என்பதை 1988 டிசெம்பர் 31 இற்குள் கிழக்கு மக்களே சர்வசன வாக்கெடுப்பில் தீர்மானிப்பர் என்று அதில் எழுதினர். அவ்வாக்கெடுப்பை ஒத்திவைக்கும் அதிகாரத்தையும் சனாதிபதிக்கு அளித்தனர்.

1988 செப்டெம்பரில் பிரகடனத்தின் மூலம் இணைப்பு நிகழ்ந்தது. வாக்கெடுப்போ திரும்பத் திரும்ப ஒத்திவைக்கப்பட்டது. ஆயுத ஒப்படைப்புப் பற்றிய சட்ட நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்றி இணைத்தது செல்லாதென்று 2006 ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 சனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன.

இணைத்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை!

இணைப்பே நம் நிலத்துக்கும் மொழிக்கும் காவல் என்று தமிழராகிய நம்மிற் பலர் நம்பினோம். குடியேற்றத் திட்டங்களைக் கண்ட நமக்கு அந்த நம்பிக்கை இயல்பானதே. ஆனால் 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான முஸ்லிம் மக்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கினை ஒட்டியே இருப்பர். அவர்களிற் பலர் கொண்ட அச்சமும் இயல்பானதே. சிங்கள மக்களுக்கும் தத்தம் எண்ணங்கள் இருந்தன.

வாக்கெடுப்பு நடந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஒருவர் மனத்தை ஒருவர் வெல்ல வேண்டியிருந்திருக்கும். நாம் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் சென்று பேசியிருப்போம். அவர்களும் நம் ஊர்களுக்கு வந்திருப்பார்கள். முடிவு எதுவாயினும் அது நம் அனைவரதும் முடிவாக இருந்திருக்கும். நாம் இழந்தது ஒரு வாக்குச்சீட்டை மட்டுமன்று. அந்தப் பேச்சையும் இழந்தோம்.

நம் கோயில்களில் வண்ணக்கர்மார் குடிகளைக் கூட்டிக் கேட்டுக் காரியம் நடத்தும் வழக்கம் நாம் அறிந்ததே. கேளாமற் செய்த திருவிழாவில் வடம்பிடிக்க யார் வருவர்? கோயிற் காரியத்துக்கே இசைவு வேண்டுமாயின், ஒரு மாகாணத்தின் தலைவிதிக்கு வேண்டாமா?

இளைஞர்களே! இணைப்பை விரும்புவோரும் உங்களிடையே இருக்கலாம், விரும்பாதோரும் இருக்கலாம். இரு சாராரும் ஒன்றை உறுதிகொள்ளுங்கள்: நம்மைக் கேளாது எதுவும் முடிவாகலாகாது, நாமும் அயலவரைக் கேளாது எதையும் முடிவாக்கலாகாது. அந்தப் பேச்சைத் தொடங்க எந்த அரசின் பிரகடனமும் வேண்டியதில்லை. நாளையே தொடங்குவோம்.