நம் பெண்களின் உடம்பில் படித்த மருத்துவம்

(ஆரணியில் டிசம்பர் 6 அன்று நிகழ்த்திய அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேறுகாலத்தைப் பற்றியும், ஆபத்தான கர்ப்பத்தைக் கண்டறியும் மருத்துவத்தை இந்த மண்ணில் வளர்த்த மருத்துவர்களைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னோம். இது இலக்கிய மன்றத்துக்கு உரிய தலைப்பா, அதிலும் அண்ணல் நினைவு நாளுக்கு உரிய தலைப்பா என்று சிலர் கேட்டார்கள். அண்ணலே இதைப் பேசியிருக்கிறார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அவர் ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கே தேவை. அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்பக் கூடாது என்பது அவர் வாதம். அப்படிப் பேசியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ரமாபாய் அம்மையாருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பிள்ளைகள் சிறு வயதிலேயே போய்விட்டன. கடைசியாகப் போனவன் ராஜரத்னா, 1926-இல். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் பேச்சு.

ஆகவே தலைப்புக்கு வருவோம். நம் ஊரிலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேலூரில் தொடங்குகிறது. பெரிய பிரசவச் சிக்கல் என்றால் 'வேலூருக்குக் கொண்டு போ' என்று சொல்வது ஆரணியில் எத்தனையோ தலைமுறைப் பேச்சு. அந்தப் பேச்சுக்குக் காரணமான பெண் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் குடும்பம் அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்தது. ஆரணியும் அந்த மிஷனின் பழைய தளங்களுள் ஒன்று. அதில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் சேரி மக்கள்.

1890-இல் திண்டிவனத்தில் நடந்ததாக அவர் சொல்லிவந்த சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். அமெரிக்காவில் படித்துவிட்டுப் பெற்றோரைப் பார்க்க வந்த இளம்பெண் ஐடா. ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியும் பிரசவ வலியில் தவிக்கிறார்கள். 'என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்' என்கிறார் ஐடா. வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லி மூவரும் திரும்பிவிடுகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த ஐடா, அதற்குப் பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூருக்கு வந்தார்.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் பெண்ணின் கதையாகவே சொல்கிறார்கள். அது சரிதான். நாம் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கதவைத் தட்டிய மூவரும் டாக்டர் பங்களாவின் வாசல் வரை வரக்கூடியவர்கள். டாக்டர் வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள். அந்த உரிமையே அவர்கள் வீட்டுப் பெண்களைக் கொன்றது. அந்த மூன்று பெண்களுக்காகவும் நாம் வருந்துகிறோம். அதே மாவட்டத்தின் சேரிகளில் அதே ஆண்டில் பிரசவத்தில் செத்த பெண்களுக்காக யார் எந்தக் கதவைத் தட்டினார்கள்? அந்தச் சாவுகள் யாருடைய வாழ்க்கையையும் திருப்பவில்லை. அவை கதையாகவும் ஆகவில்லை.

இதைச் சொல்வது ஐடாவைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. அவர் செய்ததை அப்படியே சொல்லிவிடுவோம். ஒற்றை அறை மருந்தகத்தில் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி. பிறகு மாட்டு வண்டியிலும், ஒரு பழைய பெஜோ காரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் காரை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். மரத்தடியில் கூடியவர்களை ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து உட்கார வைப்பது லேசான காரியமில்லை. சாலையோர வைத்தியத்தின் பெரிய சமூகப் பயன் அதுதான் என்பது நம் கருத்து. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆறு பேர் விண்ணப்பித்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று சென்னை அதிகாரி சொன்னாராம். 69 பேர் விண்ணப்பித்தார்கள். முதல் அணியில் படிப்பை முடித்த 14 பேரும் 1922-இல் அரசுத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினார்கள். அந்தத் தேர்வில் ஆண்களில் ஐந்துக்கு ஒருவர்தான் தேறினார். பட்டயப் படிப்பை அரசு நிறுத்தப் போகிறது என்றானபோது, எழுபது வயதை நெருங்கிய அந்தப் பெண் அமெரிக்கா முழுக்க அலைந்து பணம் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். ஒரு மருத்துவரின் வாழ்க்கை மாணவர்கள் வழியாக நீள்வது என்றால் இதுதான்.

இப்போது சென்னைக்குப் போவோம். ஐடாவுக்கு முன்பே அங்கே மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண் இருந்தார். வழக்கறிஞரின் மனைவியாக 1866-இல் வந்தவர். பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் சென்னை அரசுப் பிரசவ மருத்துவமனையில் பயிற்சி எடுத்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். லண்டனிலும் படித்துத் திரும்பி வந்து, இங்கே கல்லூரியில் பாடம் நடத்தினார். பிற்காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1885-இல் அவர் முன்நின்று தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

அதன் முதல் பெயர் தெரியுமா? சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான ராயல் விக்டோரியா மருத்துவமனை. ஆங்கிலத்தில் 'காஸ்ட் அண்ட் கோஷா'. சாதி என்ற சொல் பெயர்ப் பலகையிலேயே இருந்தது. சாதிப் பெண்கள் என்றால் யார், யார் இல்லை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பெயரை மாற்றினார்கள். ஆனாலும் சென்னைவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 'காஸ்ட்' என்ற பாதி மக்கள் நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. உதிர்ந்தது மறதியாலா, கூச்சத்தாலா என்று ஆராய ஆள் வேண்டும்.

எதற்காக அப்படியொரு தனி மருத்துவமனை? 1844 முதலே சென்னையில் அரசுப் பிரசவ மருத்துவமனை இருந்தது. பின்னால் எழும்பூர் ஆஸ்பத்திரி ஆனது அதுதான். எல்லோரும் வந்து போகும் அந்த வார்டில் படுக்க உயர்சாதிப் பெண்கள் தயங்கினார்கள். ஆகவே அவர்களுக்கென்று வேறு கட்டடம். வேறு கதியில்லாத பெண்கள் பழைய வார்டுக்கே வந்தார்கள்.

நாம் இன்று சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. பிரசவ மருத்துவத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்க முடியாது. வயிற்றின்மேல் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே என்று தடவிப் பார்க்க வேண்டும். மாணவர் ஒருவர் பின் ஒருவராக அதே வயிற்றைத் தொட வேண்டும். தொடாதே என்று சொல்ல முடிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்ல முடியாத பெண்கள் இலவச வார்டில் படுத்திருந்தார்கள். கூலிக்காரப் பெண்கள், சேரிப் பெண்கள். தெருவில் தீட்டு என்று ஒதுக்கிய உடம்பைத்தான் மருத்துவக் கல்வி தன் பாடமாக எடுத்துக்கொண்டது. ஷார்லிப் அம்மையாரே முதல் பயிற்சியை எடுத்தது அந்தப் பொது வார்டில்தான்.

எழும்பூரில் பணியாற்றிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல் 1938-இல் வந்தது. பிறகு டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் இணைந்து, 'முதலியார் மேனன்' என்றே மாணவர்கள் இன்றுவரை சொல்லும் புத்தகம் ஆனது. நம் பிள்ளைகளில் மருத்துவம் படித்தவர்கள் வீட்டிலும் அது இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இருப்பது வார்டில் கண்ட அனுபவம். அந்த அனுபவத்தைத் தந்த பெண்களுக்குப் படுக்கை எண் இருந்தது. பெயர் புத்தகத்துக்குள் வரவில்லை. மருத்துவ நூல்களில் பெயர் போடும் வழக்கம் இல்லை, தெரியும். இலக்கிய மன்றத்தார் என்பதால் அந்தப் பெயர்கள் எங்கே என்று நாம் கேட்கிறோம்.

மேனன் செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீடுகளோடு சம்பந்தப்பட்டது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதை நம் பக்கத்தில் ஜன்னி என்பார்கள். பேய் பிடித்தது, காற்று சேஷ்டை என்றும் சொல்வார்கள். வலிப்பு வந்த பெண்ணுக்கு மூன்று மருந்துகளைக் கலந்து கொடுத்துத் தூங்க வைக்கும் முறையை மேனன் எழும்பூரில் கையாண்டு, சாவு குறைந்ததை 1961-இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழில் எழுதினார். பல வருடம் இந்தியா முழுக்க 'மேனன் முறை' நடந்தது. பிறகு 1995-இல், இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான உப்பு மருந்துதான் டயஸபாமையும் ஃபெனிடாயினையும் விட மேலானது என்று காட்டியது. வலிப்பு திரும்ப வருவது டயஸபாமோடு ஒப்பிட்டால் 52 சதவீதம் குறைந்தது. இன்று உலகம் முழுக்க அந்த ஊசிதான். மேனன் முறை விடைபெற்றது. அறிவியல் அப்படித்தான் நடக்கும். அதில் அவருக்கு இழுக்கில்லை.

மருந்து மலிவு. ஆனால் வலிப்பு வருமுன் பிடிக்க வேண்டுமே! கால் வீங்கும், தலை வலிக்கும், கண் மங்கும். குழித்தறியில் நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பெண்ணுக்குக் கால் வீங்கினால் தறியால் வந்தது என்பார்கள். சேற்றில் நின்று நாற்று நடுபவளுக்கு வீங்கினால் தண்ணீரில் நின்றதால் என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடியது கையில் கட்டும் ஒரு பட்டையும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையும் மட்டுமே. ஆகவே இங்கே வந்திருக்கும் பெண்களுக்குச் சொல்கிறோம்: கர்ப்ப காலத்தில் வீக்கத்தோடு தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே போய் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்ச் சாவை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் தாமதம். முதல் இரண்டும் இங்கே எவ்வளவோ குறைந்துவிட்டன. நூற்றெட்டு வண்டி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருக்கிறார். மூன்றாவதைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு. 'எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டு மாறும் முகத்தை நம் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். 'பெத்துக்கத் தெரியுதில்ல, கத்தாம இரு' என்ற வசவை வலியோடு வலியாக வாங்கியிருக்கிறார்கள். அடுத்த முறை சீக்கிரம் கிளம்பாமல் இருப்பதற்கு அந்த ஒரு வசவு போதும். முதல் தாமதத்துக்குக் காரணம் அறியாமை என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்நாடு இதில் முன்னோடி என்பதை மறுக்கவில்லை. தாய்ச் சாவு ஒவ்வொன்றையும் விசாரித்துப் பதியும் வேலையை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் இது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார் சாவு, இந்தியாவுக்கு 97. ஆனால் இந்த எண்ணை மாநில வாரியாகத் தருகிறார்கள், சாதி வாரியாகத் தருவதில்லை. அந்த 54-இல் நாம் எத்தனை? நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கா, அதற்கு மேலா? எண் கிடைத்தால்தானே வாதாட முடியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி 18,000 ரூபாய் வரை உயர்ந்தது. அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிரசவத்தில் ஆபத்து குறைவு என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. 1961-இன் பேறுகாலப் பயன் சட்டம் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் பொருந்தியது. வீட்டுத் தறிக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கும், கழனியில் அன்றாடக் கூலி வாங்கும் பெண்ணுக்கும் எந்த முதலாளியின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது?

கடைசியாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். புதுச்சேரிப் பக்கத்து கிராமத்தில் கூலி வேலையும் மருத்துவச்சி வேலையும் செய்த வீரம்மா தன் வாழ்க்கையைச் சொல்ல, ஜோசியான் ராசின் எழுதி, அது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. பன்னிரண்டு பெற்று மூன்றை மட்டும் காப்பாற்ற முடிந்த தாய் அவர். ஆரணியைச் சுற்றியுள்ள சேரிகளிலும் பிரசவம் பார்த்த ஆயாமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊர்த் தெருவுக்குக் கொல்லை வழியாகக் கூப்பிடப்பட்டு, தொப்புள்கொடி அறுத்துவிட்டு, நஞ்சைப் புதைத்துவிட்டு, அதே கொல்லை வழியாகத் திரும்பியவர்கள். வரும் தை முதல் மாதம் இருவராவது போய் அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எத்தனை பிரசவம் பார்த்தார்கள், தலை திரும்பாத குழந்தையை என்ன செய்தார்கள், ரத்தம் நிற்காதபோது யாரைக் கூப்பிட்டார்கள், கூலியாக என்ன வாங்கினார்கள், அவர்கள் கையில் செத்த பெண்கள் யார் யார், எந்தத் தெரு, எந்த வருடம். பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சை அப்படியே அவர்கள் மொழியில் எழுதுங்கள்; திருத்த வேண்டாம். அச்சுச் செலவுக்கு அடுத்த கூட்டத்தில் வழி பார்ப்போம்.