ஒரே ஒரு கிளிக்... போனது 50,000 மெயில்!

ஐ.டி. விங் பயிற்சி வகுப்பில் பேசியதை, வர முடியாதவங்களுக்காக எழுத்து வடிவில் தர்றோம்.

2016 மார்ச் 19. அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம். ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மெயில். அனுப்புநர் பெயர் 'கூகுள்'. உக்ரைனில் இருந்து யாரோ உங்க பாஸ்வேர்டைப் போட்டு நுழையப் பார்த்தாங்க, உடனே மாத்துங்கன்னு சொல்லி, கீழே ஒரு பட்டன்.

அவர் அலுவலகம் சும்மா கிளிக் பண்ணலை. பிரசாரக் குழுவோட கணினிப் பிரிவைக் கேட்டாங்க. அங்கிருந்தவர் 'இது உண்மையான மெயில்'னு பதில் போட்டார். 'போலி'ன்னு எழுத நினைச்சு தவறா டைப் பண்ணிட்டேன்னு பிறகு சொன்னார். கூகுளின் சரியான லிங்க்கையும் அவர் கொடுத்திருந்தார். ஆனா கிளிக் ஆனது மெயிலில் இருந்த லிங்க்!

50,000-க்கும் மேற்பட்ட மெயில்கள் திருடு போச்சு. அக்டோபர் 7-ல் இருந்து, வாக்குப்பதிவுக்கு ஒரு மாசம் முன்னாடி, விக்கிலீக்ஸ் அதை வெளியிட ஆரம்பிச்சது. 2018 ஜூலையில் 12 ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் மேல அமெரிக்கா குற்றம் சாட்டியது.

இதுல நமக்கு என்ன பாடம்?

👉 எழுத்துப்பிழையை மட்டும் நம்பாதீங்க. இன்னைக்கு போலி மெயில் பிழையே இல்லாம வரும். பயமுறுத்துதா, அவசரப்படுத்துதான்னு பாருங்க.

👉 அனுப்புநர் பெயரை யார் வேணும்னாலும் போடலாம். லிங்க்கை அழுத்திப் பிடிச்சு முழு முகவரியைப் படிங்க. முதல் ஒற்றை ஸ்லாஷுக்கு முன்னாடி, புள்ளிக்குப் பின் 'கூகுள் டாட் காம்'னு முடிஞ்சா அது கூகுள். அதுக்கப்புறமும் புள்ளி வச்சு நீண்டாலோ, கூகுளுக்கு முன்னாடி சின்னக் கோடு போட்டு வேற வார்த்தை ஒட்டியிருந்தாலோ, பெயர்ப்பலகைதான் கூகுள், வீடு வேற ஆளோடது.

👉 சந்தேகமா? லிங்க் வழியா போகாதீங்க. நீங்களே முகவரி டைப் பண்ணிப் போங்க. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இன்னைக்கே ஆன் பண்ணுங்க.

👉 பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

நம்ம மெயிலில் இருப்பது நம்ம விஷயம் மட்டுமில்ல தோழர்களே. உறுப்பினர் பட்டியல், பூத் முகவர்களின் போன் நம்பர், நம்மை நம்பி மக்கள் கொடுத்த மனுக்கள்... அத்தனையும் அதுலதான். அந்த நம்பிக்கையைக் காப்பதும் கட்சிப்பணிதான்.

உங்க பூத் குரூப்பில் ஷேர் பண்ணுங்க!