வெட்டுக்கிளியின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

2020-ல் ராஜஸ்தான் வயல்களில் இறங்கிய பாலைவன வெட்டுக்கிளிகளை நினைவிருக்கிறதா? இந்தப் பூச்சி தனியாக வளர்ந்தால், சிறகு முளைக்காத பருவத்தில் பெரும்பாலும் இலைப்பச்சையாக இருக்கும்; செடியில் தேடினாலும் கண்ணில் படாது. கூட்ட நெரிசலில் வளர்ந்தாலோ மஞ்சள் உடம்பெங்கும் கன்னங்கரேலென்று திட்டுகள்!

இந்தக் கறுப்புக்குக் காரணம் என்ன? விடை கிடைத்தது ஜப்பானில். ஒகினாவாவைச் சேர்ந்த ஒருவகை வெட்டுக்கிளிகள் எவ்வளவு நெரிசலில் வளர்ந்தாலும் வெளிறியே இருந்தன. சாதாரண வெட்டுக்கிளியின் மூளையை ஒட்டிய சிறு சுரப்பியை எடுத்து அவற்றின் உடலில் வைத்தார்கள். அடுத்த முறை தோலுரித்தபோது, கறுத்துப்போய் வெளியே வந்தன! எவ்வளவு எளிமையான, அழகான சோதனை!

அந்தச் சுரப்பியிலிருந்த ஹார்மோன் கொரசோனின் என்று 1999-ல் தெரிந்தது. வெறும் 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. பச்சை நிறத்துக்குத் துணைநிற்பது இன்னொன்று, இளமை ஹார்மோன்.

ஆனால் கூட்டம் சேரும் குணத்தை முதலில் தூண்டிவிடுவது கொரசோனின் அல்ல, செரட்டோனின். நம் மூளையிலும் சுரக்கிற அதே செரட்டோனின்தான்.