முதல் கரண்டி யாருக்கு?



தாய்மார்கள் மட்டும் வந்தால் போதாது, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நர்சம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். வேப்பமரத்தடியில் நிற்கிற அண்ணாச்சிகளும் முன்னால் வந்து உட்காருங்க. சம்பளத்தை எண்ணுகிற கையும் சோறு போடுகிற கையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இன்றைய பேச்சுக்குப் பலன் உண்டு. இதை அச்சில் வாசிக்கிறவர்களும் வீட்டில் உள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பேசினேன். பொது சுகாதார டிப்ளமோ வாங்கிய சூடு ஆறாத நேரம். பால், முட்டை, பழம் என்று படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி அரை மணி நேரம் முழங்கினேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய் எழுந்தார்.

"சார், மாட்டைக் கறக்கிறதே நான்தான். கறந்த பாலு சொசைட்டிக்குப் போகுது. அப்புறம் பால்கோவாவா மாறி பஸ் ஏறி ஊர் ஊராப் போகுது. அதுல எம்பிள்ளைக்கு எம்புட்டுன்னு உங்க அட்டையில போட்டிருக்கா?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

பிள்ளைக்குப் பதினான்கு மாதம். பால்வாடி அட்டையைப் பார்த்தால் மூன்று மாதமாக எடை ஏழரைக் கிலோவிலேயே நிற்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ரேஷன் அரிசி இருந்தது. பானையில் துவரம்பருப்பு இருந்தது. கொல்லையில் முருங்கை. பரண்மேல் நிலக்கடலை மூட்டை ஒன்று, விதைக்குப் போக மிச்சம். பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், மதியம் ரசம் சோறு, சாயங்காலம் ஒரு பொட்டலம் காராச்சேவு. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உணவு வீட்டுக்குள் வந்திருக்கிறது, பிள்ளையின் தட்டுக்கு வரவில்லை. நடுவில் பத்தடி தூரம்தான், அதைத் தாண்டவில்லை.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடத்திப் பார்த்தார்கள். பிறகு விரிந்த மாவட்டங்களில் அன்றைய ராமநாதபுரமும் ஒன்று. நம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1985-ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் அதில்தான் இருந்தன. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி உணவு கொடுத்து அனுப்புவது அந்தத் திட்டத்தின் வழி அல்ல. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. கூடவே அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேசுவார்கள். 90 நாளுக்குப் பிறகு அந்த வீட்டுச் சட்டியிலிருந்தே பிள்ளை தேறவேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு உங்கள் அடுப்படியில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ரேஷன் கடையிலிருந்து தொடங்குவோம். 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையில்லை. சிறப்புத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சரி, ஒரு கிலோ பருப்பை முப்பது நாளைக்குப் பிரித்தால் நாளைக்கு எவ்வளவு? 33 கிராம். ஒரு கைப்பிடி. நாலு பேர் வீட்டில் அந்தக் கைப்பிடியை வேகவைத்து, புளியைக் கரைத்து ஊற்றி, சாம்பார் என்று பெயர் வைக்கிறோம். பெரியவர்களுக்கு அது ருசி. பிள்ளையின் தட்டில் விழுவது மஞ்சள் தண்ணீர்.

அதனால் ஒன்று செய்யுங்கள். பருப்பு வெந்ததும், புளி ஊற்றுவதற்கு முன்னால், மிளகாய்ப்பொடி போடுவதற்கு முன்னால், முதல் கரண்டியைக் கெட்டியாக எடுத்துப் பிள்ளையின் கிண்ணத்தில் வையுங்கள். சோற்றைக் குழைய மசித்து அதில் பிசையுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். கடலெண்ணெயோ பாமாயிலோ எதுவானாலும் சரி. கைப்பிடி முருங்கைக்கீரையைப் பருப்போடு வேகப்போட்டிருந்தால் அதையும் மசித்துவிடுங்கள். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு உண்டா? எடுக்கிற நேரம்தான் மாறுகிறது.

எண்ணெய் ஏன் என்று கேட்பீர்கள். பிள்ளையின் வயிறு சின்னது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 1000 கலோரி சக்தி வேண்டும். ஏறத்தாழ தாய் சாப்பிடுவதில் பாதி! அத்தனையும் அந்தச் சின்ன வயிற்றில் ஒரே வேளையில் அடங்காது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது, இடத்தையும் அடைக்காது. அதே காரணத்தால்தான் மூன்று வேளைச் சோறு போக நடுவில் இரண்டு தடவை ஏதாவது கொடுக்கச் சொல்கிறோம். வறுத்துப் பொடித்த கடலையும் வெல்லமும் சேர்த்த உருண்டை, அவித்த பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், சீசனில் நம்ம ஊர் மாம்பழம். முழுக் கடலையைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் மாட்டும். பொடித்தே கொடுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோறு தொடங்கவேண்டும், தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடரவேண்டும். இதை நர்சம்மா பலமுறை சொல்லியிருப்பார். "பல்லு முளைக்கட்டும், அப்புறம் சோறு ஊட்டலாம்" என்று காத்திருக்கிற பாட்டிமார்களுக்குத்தான் இன்னொரு தடவை சொல்கிறேன்.

பால்வாடியில் கொடுக்கிற சத்துமாவுக்கு வருகிறேன். கோதுமை, கேழ்வரகு, கடலைமாவு, வெல்லம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதை மாட்டுத் தொட்டியில் கரைத்ததையும் பார்த்திருக்கிறேன். மாடு நன்றாகத்தான் இருந்தது! பிள்ளைக்குக் கஞ்சி அலுத்தால் கொழுக்கட்டையாகப் பிடியுங்கள், உருண்டையாக உருட்டுங்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் செறிவூட்டிய அரிசி கலந்து வரத் தொடங்கியபோது, "பிளாஸ்டிக் அரிசி மிதக்குது" என்று தேடித் தேடிப் பொறுக்கி எறிந்தார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து, மறுபடியும் அரிசி மாதிரி வார்த்தது. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு. அப்படிக் கலந்த அரிசி வந்தால் பொறுக்காமல் சமையுங்கள்.

இனி மளிகைக்கடை. தறிக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், உங்கள் பற்று நோட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. பிஸ்கட் ஐந்து ரூபாய், பாக்கெட் நொறுக்கு ஐந்து ரூபாய். தினம் பத்து ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய். அண்ணாச்சியிடம் ஒரு கிலோ பாசிப்பயறும் அரைக்கிலோ நிலக்கடலையும் என்ன விலை என்று கேளுங்கள். 300 ரூபாயில் அதை வாங்கி, மிச்சத்துக்கு முட்டையும் வாங்கலாம். டப்பாவில் வருகிற பானப் பொடியை "பிள்ளைக்கு நல்லது" என்று கடன் சொல்லி வாங்குகிறார்கள். டப்பாவின் பின்பக்கம் படிக்கத் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லுங்க, சர்க்கரை எத்தனை கிராம் என்று.

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் பயறு, கடலை, முட்டை, எண்ணெய். பிறகு மற்றது. கடைசியில் வாங்கலாம் என்று விட்டது எதுவும் வாங்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பீடிக்கும் டீக்கும் அதற்கு மேலும் போகிற கணக்கு ஆண்களுக்கே தெரியும், நான் இங்கே விரிக்கவில்லை.

"பெரிய பிள்ளைகளும் இருக்கே சார், முட்டை எத்தனைக்குப் பங்கு போட?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு 1982-ல் விரிவாக்கிய சத்துணவு இருக்கிறது, அதில் முட்டை வருகிறது. அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? அதற்கு உங்கள் சட்டிதான். ஆகவே வீட்டுக்கு இரண்டு முட்டைதான் வாங்க முடியும் என்றால் ஒன்று கடைக்குட்டிக்கு.

மற்றது? சட்டென்று "அவருக்கு" என்று சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு, நாங்கள் சாப்பிட்டு, பானையைச் சுரண்டி அம்மா சாப்பிடுவார். மீன் குழம்பு வைத்த நாளில் அம்மா தட்டில் மீன் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பார்த்ததே இல்லை. கல்யாணமான பிறகு என் வீட்டிலும் பல வருஷம் அதே வரிசைதான் நடந்தது, ஊருக்கு உபதேசம் செய்துகொண்டே! வயிற்றில் பிள்ளை இருக்கிறவரும், பால் கொடுக்கிறவரும் இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறார்கள். மற்ற முட்டை அவருக்கு. கர்ப்ப காலத்தில் நர்சம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் தினம் சாப்பிடவேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சோற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும்.

இன்னும் ஒன்று. முதல் பிள்ளைக்கு ஒன்றே கால் வயது, அடுத்தது வயிற்றில். இப்படி இருந்தால் நான் சொன்ன கணக்கெல்லாம் உடைந்துபோகும். தாய்ப்பால் குறையும், தாய்க்கு ரத்தம் குறையும், முதல் கரண்டிக்கு இரண்டு கிண்ணம் நீளும். இரண்டு பிள்ளைக்கு நடுவில் மூன்று வருஷமாவது இருக்கட்டும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள். போதும் என்று முடிவு செய்தவர்களில் ஆண்களுக்குக் கத்தியில்லாத, தையலில்லாத கருத்தடையும் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதைச் சொன்னதும் அண்ணாச்சிகள் வேப்பமரத்துப் பக்கம் திரும்புகிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த ஏழரைக் கிலோ பிள்ளை என்ன ஆனது என்று கேட்கவில்லையே? சொசைட்டிக்குப் போகிற பாலில் ஒரு டம்ளரைத் தகப்பனாரே எடுத்து வைக்கத் தொடங்கினார். முதல் மாதம் 300 கிராம் ஏறியது. அடுத்த மாதம் வயிற்றுப்போக்கு வந்து 200 கிராம் இறங்கியது. தாய் அழுதுவிட்டார். உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து, துத்தநாக மாத்திரை கொடுத்து, சோற்றையும் நிறுத்தாமல் ஊட்டினார். மூன்றாம் மாதம் மறுபடி ஏறியது. இப்படி ஏறி இறங்கித்தான் ஏறும். அதனால்தான் மாதாமாதம் எடை போடச் சொல்கிறோம்.

பால்வாடி டீச்சர் தராசைத் தயாராக வைத்துக்கொண்டு கையைக் காட்டுகிறார். வளர்ச்சி அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செருப்பையும் கனமான சட்டையையும் கழற்றிவிட்டு, இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் முதலில். இன்றைக்குத் தராசில் பிள்ளையை வைக்கிறது தகப்பனாராக இருக்கட்டும்.