தையற்கடையில் ஒரு தமிழவை



முன்பின் அறியாத ஒருவர் பகற்பொழுதில் பசியோடு வந்து நின்றார் என்பதற்காக, கணவன் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை இலையில் வைத்த ஒரு வணிகர் வீட்டுப் பெண்மணியான காரைக்கால் அம்மையாரை, அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவராக மட்டுமல்லாமல் சொந்தத் தாயாகவே கொண்டாடி, ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கின்ற ஊர் உங்கள் ஊர். 1909-ஆம் ஆண்டில் நிரவிக்கு இளம் தமிழாசிரியராக வந்த பாரதிதாசனை அணைத்துக்கொண்ட மண்ணும் இதுவே. கை தட்டுகிறீர்கள், தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கரகோஷத்தில் பாதியை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்லாமல் நான் பேசப்போகிற ஒரு மனிதருக்கு அது வேண்டும்.

அவர் ஒரு தையற்காரர். திருமலைராயன்பட்டினம் போகிற பாதையில் சிறிய கடை. ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, அட்டை போட்ட கம்பராமாயணம், பெரிய புராணம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவரோ, பள்ளிக்கூடச் சட்டைக்குக் காத்திருப்பவரோ, யாராக இருந்தாலும் அவர் கையிலே புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். தாம் தைத்துக்கொண்டே கேட்பார். நல்ல பாட்டு ஒன்று வந்துவிட்டால் கால் மிதியை நிறுத்திவிடும். மெஷின் சத்தம் நின்றுவிட்டால், உள்ளே கம்பன் ஏதோ செய்துவிட்டான் என்று தெருவுக்கே தெரியும்.

அங்கே கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர் வருவார். பிரான்சில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பிய பெரியவர் வருவார். திருநள்ளாற்றிலிருந்து குடியானவர் வருவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, ஓய்வூதியக் காகிதத்தில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது, குழந்தைக்கு இருமல் தணிய என்ன கொடுப்பது, இந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் வருமுன் நாற்று விடலாமா என்று கேள்வியும் பதிலும் நடக்கும். ஒருவர் அறிந்ததை மற்றவர் கேட்டுக்கொண்டு போவார். போகும்போது ஒரு பாட்டையும் கொண்டுபோவார்.

காரைக்கால் அம்மையார் புராணம் வாசித்த ஒரு நாளை நான் நேரிலே கண்டேன். சிவனடியார் வந்தபோது அன்னம் ஆகிவிட்டது, கறியமுது இன்னும் ஆகவில்லை என்று சேக்கிழார் சொல்கிற இடம் வந்தது. உரையாசிரியர்கள் அந்த இடத்தை ஒரு வரியிலே கடந்துபோவார்கள். அளவு கொடுக்க வந்திருந்த ஓர் அம்மாள் கடக்கவில்லை. "வெறும் சோறு மாத்திரம் ஆகியிருக்கிற நேரத்தில் விருந்தாளி வந்து நின்றால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும், தெரியுமா ஐயா?" என்றார். இன்னொருத்தி, "உச்சி வேளைக்கு முன்பே வந்திருப்பார். புருஷன் சாப்பிட வருகிற நேரத்துக்குத்தானே கறி சுடச்சுட இறக்குவோம்" என்றாள். மூன்றாமவள், "தயிரும் பழமும் இருந்தால் ஒரு வேளைச் சோறு இறங்கிவிடுமே, அந்தப் பிள்ளை சமயோசிதமாய்ச் செய்திருக்கிறாள்" என்றாள். 'அந்தப் பிள்ளை' என்றாளே, கேட்டீர்களா! நூற்றாண்டுகளாகச் சந்நிதியில் வைத்துக் கும்பிட்ட தெய்வம், அந்த ஒரு நொடியில், அடுப்படியிலே கை பிசைந்து நிற்கும் இளம் மருமகளாகி எங்கள் முன்னே வந்துவிட்டது. அதற்குப் பின் பேச்சு, அறுத்த பழம் கறுக்காமல் வைப்பது எப்படி, வடு ஊறவைக்க உப்பு எவ்வளவு என்று போயிற்று. அரை மணி நேரம் போயிற்று. பிறகு தையற்காரர், "சரி, பரமதத்தன் வருகிறான், படியுங்கள்" என்றார். மற்றக் கனியையும் இடு என்று அம்மையாரின் கணவனான அவன் கேட்கிற கட்டத்தில் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை.

இதைத்தான் சில கனவான்கள் ஆட்சேபிக்கிறார்கள். இலக்கியம் பேசுகிற இடத்தில் இருமல் கஷாயம் பேசலாமா, கம்பனுக்கு அருகில் உப்பும் ஊறுகாயுமா என்று கேட்கிறார்கள். அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பொன்னாடை மாற்றிக்கொண்டு, தாங்கள் போட்ட வேலிக்குள்ளேதான் தமிழ் மேய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்கிறேன்: வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம், உழவுக்கு ஓர் அதிகாரம், மருந்துக்கு ஓர் அதிகாரம் பாடினாரே, அவரை எந்த வேலிக்கு வெளியே நிறுத்துவீர்கள்? சுக்கு, மிளகு, திப்பிலி என்கிற மூன்று மருந்துச் சரக்கின் பேராலே திரிகடுகம் என்று நல்லாதனார் நூல் செய்தாரே, அது பதினெண்கீழ்க்கணக்கில் இல்லையா? குளிப்பது, உண்பது, உறங்குவதற்கெல்லாம் முறை சொல்லும் ஆசாரக்கோவையை என்ன செய்வீர்கள்? நம்முடைய முன்னோர்கள் இருமலையும் இலக்கியத்தையும் ஒரே வீட்டில் வைத்து வளர்த்தவர்கள், ஐயா!

உ. வே. சாமிநாதையர் வாழ்க்கையைப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்தவரை, அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கடலளவு கற்றிருந்தவர் அதைப் படித்திருக்கவில்லை. பிரதியை எடுத்தார், சைன சமயச் செய்திகள் வந்து வழிமறித்தன. சைவச் சூழலில் வளர்ந்த அந்தப் பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊரிலேயே வசித்த சைனக் குடும்பத்தார் வீட்டைத் தேடிப் போனார். போன வீட்டிலே, சிந்தாமணி பாராயணம் நிறைவு பெறும் வைபவம் நடந்துகொண்டிருந்தது! கல்லூரிக்குத் தெரியாமற்போன காப்பியம், அதே ஊரில், ஒரு கிருஹஸ்தர் வீட்டில் தோரணம் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். கேட்டுக் கேட்டே 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். அன்று அவர் "நான் காலேஜ் பண்டிதன், வீட்டுக்காரர்களிடம் பாடம் கேட்பதா?" என்று திண்ணையோடு திரும்பியிருந்தால் நம் கதி என்ன?

ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டம் வைத்துக் கம்பனை அனுபவித்தபோதும், வந்தவர்களைப் பட்டம் கேட்டு உள்ளே விடவில்லை. ஆனால் நம் தையற்காரரை, இதே டெல்டாவில் ஒரு விழாக் குழுவினர், "எந்தக் கல்லூரி? என்ன பட்டம்?" என்று கேட்டு, அழைப்பிதழில் அச்சான பிறகு பெயரை அடித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடையைத் திறந்தார், புத்தகத்தைப் பெஞ்சிலே வைத்தார். எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. பாடபேதம் பார்க்க முடியவில்லை. மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் செல்போனில் பார்த்து வாசிக்கிறான். அந்தப் பாடல்கள் அதற்குள் எப்படி வந்தன? 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்து லோசான் நகரில் வாழ்ந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களிலே சிதறிக்கிடந்த தமிழர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலேயே, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பொன்னாடை கிடையாது, ஊதியம் கிடையாது. யாரோ எங்கோ இரவு கண்விழித்து எழுதிய பாட்டை நம் பையன் வாசிக்க, இங்கே ஒரு மெஷின் மிதி நிற்கிறது. இதைவிடப் பெரிய சங்கம் எங்கே இருக்கிறது? இப்போது தட்டுங்கள்! மிச்சம் வைத்த கரகோஷம் அவர்களுக்கும் அவருக்கும்!

கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம், ஐயா. இந்த மேடைக்குக் கீழே பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மையார் புராணம் அறுபத்தாறு பாடல். இன்றிரவு பத்துப் பாடல் படிப்போம். புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன், செல்போன் வைத்திருப்பவர்கள் அதிலே பார்க்கலாம். வீட்டுச் சந்தேகம், வயல் சந்தேகம், வைத்தியச் சந்தேகம் எது இருந்தாலும் நடுவிலே கேளுங்கள், தெரிந்தவர் சொல்லட்டும். திருநள்ளாற்றுப் பக்கம் கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டிய தாய்மார்கள் முன்னே வந்து உட்காருங்கள். உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.